பின்பனிக் காலத்தில் ஒரு காஷ்மீர இல்லம்

காஷ்மீரத்தின் ஸ்தல புராணமாகிய நீலமத புராணம், அந்தப் பள்ளத்தாக்கு ஆதியில் சதீசரஸ் என்னும் பெரிய ஏரியாக இருந்ததென்றும், காசியப முனிவரின் முயற்சியால் நீர் வடிந்து நிலம் வெளிப்பட்டதென்றும், அவ்வாறு வெளிப்பட்ட நிலத்தில் மனிதர்கள் வருஷத்தில் ஆறு மாதம் மட்டுமே வசிக்க உரிமை பெற்றிருந்தார்களென்றும் கூறுகிறது. பனிக்காலம் நெருங்கியதும் அவர்கள் தானியத்தைச் சேர்த்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். எஞ்சிய ஆறு மாதமும் அது பிசாசர்களின் ராஜ்யம். சித்திரை பிறந்த பிறகுதான் மறுபடி மனிதர் உள்ளே நுழையலாம். சந்திரதேவர் என்னும் முதிய அந்தணர் ஒருவர் மட்டும் மற்றவர்களோடு வெளியேறாமல் அங்கேயே தங்கிப் பனியில் அகப்பட்டுத் துன்புற்று, நாகராஜனான நீலனைச் சரணடைந்து, குறிப்பிட்ட சில விரதங்களையும் உத்ஸவங்களையும் அனுஷ்டித்து வந்தால் வருஷம் முழுவதும் மனிதர் அங்கேயே வாழலாம் என்ற வரத்தைப் பெற்றார். முதற்பனி விழும் நாளை விருந்தோடு கொண்டாட வேண்டும் என்பதும் அந்த விதிகளுள் ஒன்று.

புராணத்தை எந்த அளவுக்குச் சரித்திரமாகக் கொள்வது என்பது அவரவர் விருப்பம். ஆனால் அதற்குள் இருக்கும் ஓர் உண்மையை மறுப்பதற்கில்லை: கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், நான்கு புறமும் மலை சூழ்ந்த அந்தப் பிரதேசத்தில் குளிர்காலத்தைக் கழிப்பது மனிதனுக்கு இயல்பாக வாய்த்த காரியமன்று; தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொள்ளப்பட்ட ஒரு கலை. அந்தக் கலை அரண்மனைகளில் வளர்ந்ததைவிடச் சாதாரண இல்லங்களின் அடுப்படியிலும் பரண்களிலும்தான் அதிகமாக வளர்ந்திருக்கிறது. அதன் கடுமையான பரீட்சையும், பலர் நினைப்பதுபோல், குளிரின் உச்சத்தில் நடப்பதில்லை. குளிர் தளர்ந்து, பனி மழையாகவும் மழை பனியாகவும் மாறி மாறிப் பெய்து, சேமிப்பெல்லாம் அடி காணத் தொடங்கும் மாசி மாதத்துப் பின்பனியில்தான் நடக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நாளில், எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாளில், ஸ்ரீநகரத்து இல்லம் ஒன்று எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பகுதிக் குளிர்

காஷ்மீர ஜனங்கள் தங்கள் குளிர்காலத்தின் மையமான எழுபது நாட்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி ஜனவரி மாதத்துக் கடைசிவரை நாற்பது நாட்கள் ‘சில்லை கலான்’ என்னும் பெருங்குளிர். அதற்குப் பின் இருபது நாட்கள் ‘சில்லை குர்த்’ என்னும் சிறுகுளிர். இறுதியில் பிப்ரவரி முடியும் வரையில் பத்து நாட்கள் ‘சில்லை பச்சா’ என்னும் குழந்தைக் குளிர். பெருங்குளிரின் இரவுகளில் தால் ஏரியின் ஓரங்கள் உறைந்துவிடும். குழாய்களில் நீர் கட்டியாகி நின்றுவிடும். பிப்ரவரி பிற்பகுதியிலோ பகல் வெப்பம் பத்துப் பாகையை ஒட்டி ஏறி, இரவில் உறைநிலைக்கு அருகே இறங்குகிறது. கணக்கைப் பார்த்தால் இது சுகமான மாறுதல்போலத் தோன்றும். அனுபவிப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

காரணம் எளியது. உறைநிலைக்கு வெகு கீழே விழும் பனி உலர்ந்த பொடி. கம்பளியின் மேல் விழுந்தாலும் உதறினால் போய்விடும். உறைநிலையை ஒட்டி விழும் பனியோ பாதி நீர். அது நூலிழைகளுக்குள் ஊறி, அங்கே சிறைப்பட்டிருந்த காற்றை வெளியேற்றிவிட்டுத் தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்துவதால், நனைந்த கம்பளி உடம்பின் சூட்டைக் காப்பதற்குப் பதிலாக வெளியே கொண்டுபோய் விடுகிறது. மேலும் இந்த நாட்களில் வானம் மூடியே கிடப்பதால் உலர்த்துவதற்குச் சூரியனும் இல்லை.

இந்த மழையின் பூர்வீகத்தையும் சொல்லிவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பீர் பஞ்சால் மலைத்தொடரில் முட்டித் தன் ஈரத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுவதால், நாட்டின் பிற பகுதிகளுக்கு ஜீவாதாரமான அந்த மழை காஷ்மீரப் பள்ளத்தாக்குக்குச் சொற்பமாகவே கிட்டுகிறது. அதற்கு ஈடாக, மத்தியதரைக் கடல் பக்கத்தில் தோன்றி, ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து, உயரத்தில் வீசும் மேலைக் காற்றோடு கிழக்கு நோக்கி வரும் காற்றழுத்தச் சுழல்கள் டிசம்பர் முதல் மார்ச் வரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதுகின்றன. வானிலை இலாகாவினர் இவற்றை மேற்கத்திய இடையூறுகள் என்கிறார்கள். ஸ்ரீநகரத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்வது சுமார் 700 மில்லிமீட்டர். அதில் பெரும் பங்கைப் பெறும் மாதம் மார்ச்சு. ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழையையே பழகிய நமக்கு இந்த அளவு பெரிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே அது கொட்டுவதில்லை. நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கிறது.

விடியலும் கணப்பும்

பொழுது இன்னும் புலராத வேளையில், வீட்டின் முதல் காரியம் வீட்டுக்கு வெளியே நடக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் ‘காந்துர்’ எனப்படும் ரொட்டிக்காரரின் தந்தூர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். காஷ்மீரக் குடும்பங்கள் காலை ரொட்டியைப் பெரும்பாலும் வீட்டில் சுடுவதில்லை. சேறும் கரைந்த பனியும் கலந்து கிடக்கும் சந்தின் வழியே வீட்டிலிருந்து ஒருவர் குடை பிடித்துச் சென்று, விரல்களின் அழுத்தத்தால் வரிவரியாகக் கோடு விழுந்த ‘கிர்தா’வையோ, மெல்லிய ‘லவாசா’வையோ துணியில் சுற்றி வாங்கி வருவார். வரிசையில் நிற்கும் அந்தச் சில நிமிஷங்களில்தான் ஜம்முவிலிருந்து வரும் பனிஹால் பாதை திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா என்பது போன்ற தேசச் செய்திகள் தெருவுக்குத் தெரியவருகின்றன.

அவர் திரும்பி வருவதற்குள் உள்ளே ‘நூன் சாய்’ கொதித்துக்கொண்டிருக்கும். இது சர்க்கரை போடாத உப்புத் தேநீர். பச்சைத் தேயிலையைச் சிறிது சோடா உப்புடன் நெடுநேரம் காய்ச்சி, கஷாயம் ஆழ்ந்த சிவப்பாகும்வரை காத்திருந்து, குளிர்ந்த நீர் விட்டுக் கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றி, பிறகு பாலும் உப்பும் சேர்க்கிறார்கள். பால் சேர்ந்த மாத்திரத்தில் அது ரோஜா நிறம் கொள்கிறது. பரிமாறும் பாத்திரம் சமோவார்: செம்பினால் செய்து உள்ளே ஈயம் பூசிய கூஜா, அதன் நடுவே ஒரு குழல், குழலுக்குள் கனலும் கரி. எனவே கடைசிக் கோப்பையும் முதற் கோப்பையின் சூட்டிலேயே வருகிறது. இப்படிக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதற்கும் அப்பகுதியில் அதிகமாகக் காணப்படும் உணவுக்குழல் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று வைத்தியர்கள் நெடுநாளாக எச்சரித்து வருகிறார்கள். வெளியே தூறல் விடாத காலையில் அந்த எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பவர்கள் குறைவு.

தேநீருக்குச் சமமான இரண்டாவது காரியம் காங்ரி தயாரிப்பது. காங்ரி என்பது மண்சட்டி ஒன்றைச் சுற்றி நீர்க்கரையில் வளரும் வில்லோ மரத்தின் மெல்லிய மிலாறுகளால் பின்னப்பட்ட கைப்பிடியுள்ள கூடை. சட்டி ஒரு சாண் அகலத்துக்கு மேல் இராது. கால் கிலோ கரியை அதில் இட்டு, மேலே தணல் வைத்து, தணலைச் சாம்பலால் மூடிவிட்டால், ஏறத்தாழ ஆறு மணி நேரம் மெல்லிய உஷ்ணம் வந்துகொண்டிருக்கும். சூடு தணிந்தால் கூடையில் கட்டித் தொங்கும் சிறு கரண்டியால் சாம்பலைச் சற்றே ஒதுக்கிவிட வேண்டும். எவ்வளவு ஒதுக்குவது என்பதில் அனுபவம் இருக்கிறது. சரார்-இ-ஷரீஃப் என்னும் ஊரில் பின்னப்படும் காங்ரிகளுக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் பெயர் உண்டு.

இந்தச் சிறு கணப்பு தனியே வேலை செய்வதில்லை. ஃபெரன் என்னும் அங்கியோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே தொங்கும் தொளதொளத்த அந்தக் கம்பளி அங்கிக்குள் கைகளை இழுத்துக்கொண்டு, காங்ரியை வயிற்றருகே ஏந்தியபடி நடக்கவும், உட்காரவும், கடையில் வியாபாரம் செய்யவும் காஷ்மீரத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலைநாட்டு இல்லங்கள் அறை முழுவதையும் சூடாக்க முயல்கின்றன. காஷ்மீர இல்லமோ ஆளைச் சூடாக்கினால் போதும் என்று தீர்மானித்தது. மரமும் கரியும் அளவாகவே கிடைக்கும் தேசத்தில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இருக்க முடியாது. இதற்கும் ஒரு விலை உண்டு. வருஷக் கணக்காக ஒரே இடத்தில் படும் சூட்டினால் தொடையிலும் வயிற்றிலும் தோல் கறுத்து, சிலருக்கு அது புற்றுநோயாக முற்றுவதை எல்ம்ஸ்லி என்னும் மிஷன் டாக்டர் 1866-லேயே வைத்திய உலகுக்கு அறிவித்தார். ‘காங்ரிப் புற்று’ என்ற பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் நிலைத்திருக்கிறது.

பின்பனியில் காங்ரிக்கு வேறொரு தொல்லை. கரி ஈரத்தை உறிஞ்சும் பண்புடையது. சென்ற இலையுதிர் காலத்தில் சினார் மரத்தடிகளில் குவிந்த சிவந்த சருகுகளைக் கூட்டி, எரித்து, நீர் தெளித்துக் கரியாக்கி மூட்டை கட்டி வைத்தவை, சில மாதம் கழித்து மூட்டையின் அடியில் ஈரம் கோத்துக் கிடக்கும். அதைப் போட்டால் கனலுக்கு முன் புகை எழும். ஆகையால் நாளைக்கு வேண்டிய கரியை இன்றே எடுத்து அடுப்பின் பக்கத்தில் பரப்பி வைப்பது இந்த நாட்களில் மாமியாரிடமிருந்து மருமகள் கற்றுக்கொள்ளும் பாடங்களுள் ஒன்று.

கூரையும் தரையும்

தேநீர் முடிந்ததும் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது ஆண்களின் வேலை. முற்காலத்து வீடுகளின் கூரை மண்ணால் ஆனது; அதற்கு அடியில் பூர்ஜமரத்தின் பட்டைகளை அடுக்கடுக்காகப் பரப்பியிருப்பார்கள். நீர் புகாத அந்தப் பட்டையில்தான் காஷ்மீரத்துப் பண்டிதர்கள் சாஸ்திரங்களையும் காவியங்களையும் எழுதினார்கள் என்பதை நினைத்தால், ஒரே மரம் வித்தைக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பாக இருந்தது விளங்கும். வசந்தத்தில் அந்த மண்கூரைகளின் மேல் புல்லும் மலரும் பூத்துக் குலுங்குவதைக் கண்டு அந்நிய யாத்ரிகர் வியந்து எழுதியிருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் செங்குத்தான தகரக் கூரைகள். இவற்றில் பனி தங்குவதில்லை. ஆனால் வெயிலோ மழையோ பட்டு அடிப்புறம் இளகியதும் முழுப் பனிப்பாளமும் இடி முழக்கத்தோடு ஒரேயடியாகச் சரிந்து முற்றத்தில் விழும். ஆகவே பின்பனி நாட்களில் கூரை ஓரத்தில் குழந்தைகளை விளையாட விடுவதில்லை. பெருங்குளிரில் உறைந்து வெடித்த குழாய்களும், உள்ளே நீர் கட்டியாக இருந்தவரையில் வெடிப்பை மறைத்து வைத்திருந்துவிட்டு, இப்போதுதான் ஒழுகத் தொடங்கும்.

வசதியுள்ள வீடுகளில் ஹமாம் என்றோர் அறை உண்டு. அதன் தரை கற்பலகைகளால் ஆனது. பலகைகளுக்கு அடியில் வெற்றிடம். வெளிப்புறத்திலிருந்து அதற்குள் விறகு எரிப்பார்கள். கல் மெல்லச் சூடேறி, நெருப்பு அணைந்த பிறகும் நெடுநேரம் சூட்டை விடாமல் வைத்திருக்கும். கூடவே பதித்திருக்கும் செம்புத் தொட்டியில் வெந்நீரும் கிடைத்துவிடும். மசூதிகளில் தொழுகைக்கு வருவோரின் சௌகரியத்துக்காகவும், பெரிய மனிதர் வீடுகளிலும் இருந்த இந்த ஏற்பாடு இன்று நடுத்தர வர்க்கத்தாரின் புதுவீடுகளிலும் இடம் பெற்றிருக்கிறது. இல்லாதவர்கள் புகாரி எனப்படும் இரும்புக் கணப்பை வைத்து அதன் புகைக்குழாயைச் சுவர் வழியே வெளியே விடுகிறார்கள். தரையில் முதலில் நாணற்பாய் அல்லது வைக்கோற் பாய். அதன்மேல் ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த நம்தா, அல்லது பழைய கம்பளித் துண்டுகளை இணைத்துத் தைத்த கப்பா. துவைத்த துணி கொடியில் மூன்று நாளானாலும் உலராத இந்த நாட்களில், குழந்தைகளின் உடுப்புக்கே ஹமாமின் தரையில் முதலுரிமை.

ஒரே அறையைச் சூடாக்க முடியும் என்பதால் குடும்பம் முழுவதும் அந்த ஒரே அறையில் கூடிவிடுகிறது. தாத்தா ஒரு மூலையில். மார்ச்சு முதல் வாரம் வாக்கில் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்ற நினைவு வந்து, டிசம்பர் முதல் தொடாமல் வைத்திருந்த விடுமுறைப் பாடத்தை அவசர அவசரமாக எழுதும் பிள்ளைகள் இன்னொரு மூலையில். ஊசிவேலைத் தொழிலாளர்களும் அங்கேதான். சோஸ்னி என்னும் நுண்ணிய ஊசிவேலையைச் சால்வைகளில் செய்பவர்களில் பலர் ஆண்கள்; நிலத்தில் வேலையில்லாத மாதங்களே அவர்களுக்கு வேலை மாதங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அரை நூற்றாண்டுக் காலம் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் பலவகைக் கைத்தொழில்களைப் பள்ளத்தாக்கில் வளர்த்தார் என்பது சரித்திரம். ஆனால் அரசன் ஆதரித்த கலைகள் இத்தனை நூற்றாண்டு நிலைத்ததற்கு, வருஷந்தோறும் பல மாதங்கள் வெளியே போகவொட்டாமல் மனிதரை உள்ளே உட்கார வைத்த சீதோஷ்ணத்துக்கும் பங்கு உண்டு. உலகம் போற்றும் சால்வைகளுள் பல, பனி அடைத்த அறைகளில் உருவானவை.

வற்றல் மாலை

நடுப்பகல் உணவு சோறுதான். காஷ்மீரத்தார் நம்மைப் போலவே இரு வேளையும் அரிசிச் சோறு உண்பவர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கடுகெண்ணெயில் சமைத்த ‘ஹாக்’ என்னும் கீரை எந்தக் காலத்திலும் உண்டு. அதற்குமேல் தட்டில் என்ன வரும் என்பதைப் பின்பனியில் தீர்மானிப்பது சந்தையன்று, பரண்.

கோடைகாலத்திலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் காஷ்மீர வீடுகளின் ஜன்னல்களிலும் மாடங்களிலும் சுரைக்காயை நீளவாட்டில் சீவி மாலை மாலையாகத் தொங்கவிட்டிருப்பார்கள்; கத்தரிக்காயைப் பிளந்து கயிற்றில் கோத்திருப்பார்கள்; தக்காளியை வில்லைகளாக நறுக்கிப் பாயில் பரப்பியிருப்பார்கள். சுரை வற்றலுக்கு ‘அல் ஹச்’, கத்தரி வற்றலுக்கு ‘வாங்கன் ஹச்’, தக்காளி வற்றலுக்கு ‘ருவாங்கன் ஹச்’ என்று பெயர். மாசி வெயிலில் சுண்டையும் கொத்தவரையும் கத்தரியும் காயவைக்கும் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. வேற்றுமை ஒன்றுதான்: நமக்கு வற்றல் என்பது ருசிக்காகச் சேர்த்துக்கொள்ளும் உபகரணம், பாதை அடைபட்ட காலத்தில் அவர்களுக்கு அதுவே காய்கறி. சுரை வற்றலை வெந்நீரில் ஊறவைத்து ஆட்டிறைச்சியோடோ பருப்போடோ சமைக்கிறார்கள். இவை தவிர, உலர்ந்த மீனும் புகையில் வாட்டிய மீனும் உண்டு. தோட்டத்தில் குழி தோண்டி மண்மூடிப் புதைத்து வைத்த டர்னிப்பும் முள்ளங்கியும் உண்டு. தால் ஏரியிலிருந்து தாமரைத் தண்டு கிடைக்கும். படகுக்காரர் அதற்காகக் குளிர்ந்த நீரில் நீண்ட கோல்களால் துழாவ வேண்டும்.

இந்தச் சேமிப்பு வெறும் பழக்கம் அன்று. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு வரும் மலைப்பாதை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் இடையே மழை பெய்தால் மலைச்சரிவு பாதையின் மேல் வந்து அமர்ந்துவிடும். 1956-ல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமான ஜவஹர் சுரங்கம், பீர் பஞ்சாலின் கணவாய்ப் பனியை ஒருவாறு வென்றது. 2021-ல் எட்டரைக் கிலோமீட்டர் நீளத்தில் புதிய சுரங்கமும், 2025 ஜூன் மாதத்தில் செனாப் நதியின்மேல் 359 மீட்டர் உயரப் பாலத்தைக் கடந்து செல்லும் ரயிலும் வந்துவிட்டன. இனி வற்றல் மாலைகள் தேவையில்லை என்று இளைஞர்கள் சொல்லலாம். எனினும் ஸ்ரீநகரச் சந்தையில் குளிர்காலத்தில் வற்றலுக்கு மதிப்புக் குறையவில்லை. தேவையாகத் தொடங்கியது ருசியாக வேரூன்றிவிட்டது. அது போன்ற மற்றொரு ருசி ஹரிஸ்ஸா: ஆட்டிறைச்சியை இரவெல்லாம் மண்பானையில் வேகவைத்து, நார்நாராகக் கடைந்து, காலையில் சூடான எண்ணெய் தெளித்து உண்பது. அது குளிர்காலத்துக்கு மட்டுமே உரியது. வெயில் முதிர்ந்தால் கடைகளே மூடிக்கொள்ளும்.

இதே மாதத்தில்தான் சிவராத்திரி வருகிறது. காஷ்மீரப் பண்டிதர்கள் அதை ‘ஹேரத்’ என்று பல நாள் கொண்டாடுகிறார்கள். கலசங்களில் வாதுமைக்கொட்டையைப் போன்ற ஓடுடைய அக்ரோட்டுகளை நீரில் ஊறவைத்துப் பூஜித்து, பிறகு உற்றார்க்கும் அண்டையார்க்கும் வழங்குவது சம்பிரதாயம். 1990-ஐ ஒட்டிப் பெரும்பாலான பண்டிதக் குடும்பங்கள் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்த பிறகும், ஜம்முவின் வெயிலிலும் டில்லியின் அடுக்கு வீடுகளிலும் அதே மாதத்தில் அதே அக்ரோட்டுகள் ஊறிக்கொண்டிருக்கின்றன.

விளக்கும் கதையும்

மாலையில் மின்சாரம் போய்விடும். குளிர்காலத்து மின்வெட்டைப் பற்றிய முறையீடு காஷ்மீரத்தில் புதிதன்று. அதன் காரணம் மட்டும் கவனிக்கத் தக்கது. அந்தப் பிரதேசத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்வீழ்ச்சியிலிருந்தும் ஆற்றோட்டத்திலிருந்தும் கிடைப்பது. செனாப் நதியில் 900 மெகாவாட் சக்தியுள்ள பக்லிஹார் நிலையமும், ஜீலம் நதியில் ஊரி நிலையமும் இருக்கின்றன. ஆனால் ஜனங்களுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படும் அதே மாதங்களில் மலைமேல் உள்ள நீரெல்லாம் பனியாகக் கட்டுண்டு நிற்பதால், ஆறுகள் மெலிந்து, உற்பத்தி வீழ்ந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே நாள் முழுவதும் நீர் விழுந்துகொண்டிருக்க, அறைக்குள் விளக்கு எரிவதற்கு நீர் போதவில்லை என்பது வேடிக்கையான முரண்பாடுதான்.

விளக்குப் போனபின் காங்ரியில் தணலை மாற்றிக்கொண்டு பேச உட்கார்வது பழைய வழக்கம். கதை சொல்லும் வித்தையில் காஷ்மீரத்துக்கு நிகரான தேசம் பாரதத்தில் அதிகமில்லை. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் கதாசரித்ஸாகரம் என்னும் மாபெரும் கதைக்கடலை இயற்றியது அங்கேதான். அனந்த மன்னனின் ராணியான சூரியமதியின் மனத்தை மகிழ்விப்பதற்காக அதை இயற்றினார் என்பர். அதற்கு அடுத்த நூற்றாண்டில் கல்ஹணர் ராஜதரங்கிணியை எழுதினார். அவர் தம் நாட்டின் சிறப்புகளை எண்ணும்போது வித்தையையும், உயர்ந்த மாளிகைகளையும், குங்குமப்பூவையும், திராட்சையையும் சொல்வதோடு பனிநீரையும் சேர்த்துச் சொல்கிறார். பனியைத் துன்பங்களின் பட்டியலில் வைக்காமல் செல்வங்களின் பட்டியலில் வைத்தது கவியின் மிகையன்று. அதில் ஒரு குடும்பத்தலைவனின் கணக்கும் இருக்கிறது.

ஈரத்தின் வரவு

அந்தக் கணக்கு என்ன? பெருங்குளிர் நாட்களில் மலைமேல் விழும் பனி இறுகி நெடுங்காலம் நிற்கும். கோடையில் மெல்ல உருகும். பின்பனியில் பெய்வதோ சீக்கிரம் கரைந்து மண்ணுக்குள் இறங்கி ஊற்றுகளை நிரப்பும். இரண்டும் சேர்ந்தே வேரிநாகம் போன்ற சுனைகளையும், அவற்றிலிருந்து புறப்படும் ஜீலத்தையும், ஜூன் மாதத்து நாற்று நடவுக்குரிய வாய்க்கால்களையும் காப்பாற்றுகின்றன. கோடை மழையை நம்ப முடியாத தேசத்தில் குளிர்காலத்து நீரே வருஷத்தின் மூலதனம். அளவு மீறினால் அதுவே ஆபத்தாகும் என்பதும் உண்மைதான். 2015 மார்ச்சு இறுதியில் விடாமழையில் பட்காம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின்மேல் ஊறிய மண்மேடு சரிந்து உயிர்களைக் குடித்தது. ஆனால் சமீப வருஷங்களில் பள்ளத்தாக்கு அஞ்சுவது பெரும்பாலும் மழையைக் கண்டன்று, மழையின்மையைக் கண்டே. 2024 ஜனவரியில் குல்மார்கின் சரிவுகள் பனியின்றி வெறும் புல்லாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில், மொகலாயர் தோட்டம் அமைத்து அழகு பார்த்த அச்சபல் ஊற்று வற்றிப்போயிற்று; அதை நம்பியிருந்த கிராமங்கள் குடிநீருக்குத் தவித்தன. அப்போது மேகம் திரண்டுவிடாதா என்று வானத்தைப் பார்த்தவர்கள், துணி உலரவில்லை என்று வேறு வருஷங்களில் முணுமுணுத்த அதே மனிதர்கள்தாம்.

ஆகவே இத்தகைய நாளில் காஷ்மீர இல்லத்தைப் பார்ப்பவர், மூடிய ஜன்னலையும், புகையும் கரியையும், ஒரே அறையில் நெருங்கி அமர்ந்திருக்கும் குடும்பத்தையும் கண்டு, இது வெறுமனே காலம் தள்ளுவது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அந்த நாளில் எரியும் ஒவ்வொரு தணலும் சென்ற வருஷத்துச் சருகு. உண்ணும் ஒவ்வொரு கவளமும் சென்ற வருஷத்து வெயில். அடுத்த வருஷத்துச் சுரைக்கொடிக்கு வேண்டிய நீர் கூரையின்மேல் விழுந்துகொண்டிருக்கிறது. செலவும் வரவும் ஒரே நாளில் ஒரே கூரையின் இரு பக்கத்திலும் நடக்கின்றன. வீட்டுக்கு மூத்த பெண்மணி பரணில் ஏறி, எஞ்சியிருக்கும் வற்றல் மாலைகளை எண்ணி, மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்துக் கரியின் நிறையை மதிப்பிடுவதும் குழந்தைக் குளிரின் இந்தப் பத்து நாட்களில்தான். மார்ச்சு பிறப்பதற்குள் மாலை தீர்ந்துவிட்டால் வரும் கோடையில் சுரைக்கு இன்னும் இரண்டு பாத்தி அதிகம். மிஞ்சிவிட்டால் ஒரு பாத்தி குறைவு. பெருங்குளிரில் யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை, அப்போது எல்லாம் நிறைந்திருக்கும். வசந்தத்தில் பார்த்துப் பயனில்லை, அதற்குள் விதைக்கும் வேலை நெருங்கிவிடும். ஒரு குடும்பம் தன் தேவை எவ்வளவு என்பதைச் சரியாக அறிந்துகொள்ளக்கூடிய காலம், ஒன்றும் உலராத, ஒருவரும் விரும்பாத இந்தப் பின்பனிதான்.